தம்மவரையும் விடாத நாடகம்

1985இல் நியூயார்க்கில் மேடையேறிய ‘தி நார்மல் ஹார்ட்’ நாடகத்தில், எய்ட்ஸ் நோயினும் மிகுதியாகப் பேசப்படுவது, அதற்கு ஆளான ஒருபாலீர்ப்புடைய ஆடவரின் தயக்கமே. நகரத் தந்தையின் பாராமுகத்தையும் நாளேட்டின் மௌனத்தையும் ஆசிரியர் லாரி கிரேமர் கடிகிறார். அஃது எவர்க்கும் எளிது. தம்மவரையும் அவர் விட்டாரில்லை. உடலுறவைத் தவிர்க்குமாறு மருத்துவர் எம்மா வற்புறுத்துகிறார். அரும்பாடுபட்டுப் பெற்ற விடுதலையை எங்ஙனம் துறப்பது என்று தொண்டர் ஒருவர் மனமுடைந்து கதறுகிறார். அக்கதறலை அறியாமையென ஒதுக்காமல் அதற்குரிய நியாயத்தோடு ஒலிக்கவிட்டதே நாடகத்தின் வலிமை. தான் கூட்டிய சங்கமே நெட் வீக்ஸை விலக்குகிறது. கிரேமரின் சொந்தக் கசப்பு இது. நெடும்பேச்சுகள் சிலவிடத்துச் சொற்பொழிவாகிவிடுவது குறைதான். ஆயினும், அரங்கச் சுவரில் எழுதியிருந்த நோயாளர் தொகை உயருந்தோறும், பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை அதன்கீழ் எழுதிவந்தனர்.