வாலென்டியின் உவமை

ஜாக் வாலென்டி என்ற பெயரை நம் வாசகர்களில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் நடிகரல்ல, டைரக்டரல்ல, படம் எடுத்தவருமல்ல. ஹாலிவுட்டின் பெரிய படக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு 1966 முதல் 2004 வரை தலைவராயிருந்தவர். வாஷிங்டனில் காங்கிரஸ் அங்கத்தினர்களிடம் அந்தக் கம்பெனிகளுக்காக வாதாடிக் காரியம் சாதித்துக் கொடுப்பதே அவர் உத்தியோகம். 2007 ஏப்ரலில், 85 வயதில் காலமானார்.

அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன பாத்தியதை? அவரும் வார்த்தையை வைத்துப் பிழைத்தவர். விளம்பரக் கம்பெனி நடத்தினார்; ஜனாதிபதி ஜான்ஸனுக்கு உதவியாளராயிருந்தார்; 1992-இல் ஒரு நாவல்கூட வெளியிட்டார். தவிர, பதிப்புரிமை என்பது எனக்குச் சாப்பாட்டு விஷயம்.

முதலில் அவர் செய்த நல்ல காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். 1934 முதல் ஹாலிவுட் படங்களை ஹேஸ் விதிகள் என்ற கட்டுப்பாடு கண்டிப்பாக ஆண்டு வந்தது. குற்றவாளியிடம் அனுதாபம் கூடாது, இன்ன வார்த்தை கூடாது என்று கதாசிரியன் கையைக் கட்டிப் போட்ட விதிகள் அவை. வாலென்டி பதவிக்கு வந்த புதிதில், ஒரு படத்திலுள்ள இரண்டொரு கொச்சை வார்த்தைகளுக்காக வார்னர் கம்பெனியுடன் உட்கார்ந்து பேரம் பேச வேண்டியிருந்தது. பெரிய மனுஷர்கள் கூடி ஒரு வசவுக்கு விலை பேசும் அபத்தம் அவருக்கே உறைத்தது. 1968 நவம்பரில் விதிகள் போயின. எதையும் வெட்ட வேண்டாம், யார் பார்க்கத் தக்கது என்று மட்டும் ஓர் எழுத்தால் குறித்துவிடலாம் என்றாயிற்று. கடுமையான ‘எக்ஸ்’ குறி பெற்ற ‘மிட்நைட் கௌபாய்’ 1970-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசையே வாங்கிக்கொண்டது.

ஏற்பாட்டில் ஓட்டைகளும் இருந்தன. குறி போடுகிறவர்களின் பெயர்கள் பொதுவாக வெளியே தெரியாது. ‘எக்ஸ்’ எழுத்தைச் சங்கம் பதிவு செய்யாததால் ஆபாசப் பட வியாபாரிகள் அதையே விளம்பரமாக்கிக் கொண்டார்கள். 1990-இல் அதை மாற்ற நேர்ந்தது. இருந்தாலும் கத்தரிக்கோலுக்கு எழுத்து மேல்தான்.

இனி 1982-க்கு வருவோம். டெலிவிஷனில் வரும் படத்தை வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளும் வீடியோ ரிகார்டர் அப்போது பரவிக்கொண்டிருந்தது. காங்கிரஸ் கமிட்டி முன்னால் சாட்சி சொன்ன வாலென்டி, தனியாக வீட்டிலிருக்கும் பெண்ணுக்குப் பாஸ்டன் கொலைகாரன் எப்படியோ, அப்படித்தான் படத் தொழிலுக்கு இந்தப் பெட்டி என்றார். 1960-களில் பாஸ்டனில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவனைச் சொன்னார்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அன்று அவர் கேட்டது அநியாயமான கேட்பு அல்ல. ரிகார்டர் விலையிலும் வெற்று நாடா விலையிலும் ஒரு சிறு தொகை படைத்தவனுக்குச் சேரட்டும் என்பதே அவர் பக்கத்துக் கோரிக்கை. நான் அந்தக் கமிட்டியில் இருந்திருந்தால் கை தூக்கியிருப்பேன். ஆனால் உவமை கோரிக்கையை விழுங்கிவிட்டது. நாவலில் ஒரு பாத்திரம் மிகையாகப் பேசினால் அது அவன் குணம் என்று வாசகன் எடுத்துக்கொள்வான். சாட்சிக் கூண்டில் அந்தச் சலுகை கிடையாது.

பிறகால் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்லவென்று 1984 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். 1980-கள் முடிவதற்குள், கொலைகாரன் எனப்பட்ட பெட்டியே கம்பெனிகளுக்குத் தியேட்டரைவிட அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்தது.

அதற்குப் பிறகும் அவர் பயம் தெளியவில்லை. அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலத்தை 1998-இல் நீட்டினார்கள்: ஆசிரியன் இறந்தபின் 50 வருஷம் என்பது 70, கம்பெனிச் சொத்தானால் 75 வருஷம் என்பது 95. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமை என்கிறது அவர்கள் அரசியல் சட்டம். அப்படியானால் ‘என்றென்றைக்கும், ஒரு நாள் குறைய’ என்று வைத்துக்கொள்ளலாமே என்பது வாலென்டியின் யோசனையென்று காங்கிரஸில் ஓர் அங்கத்தினர் எடுத்துச் சொன்னார்.

படித்ததும் சிரித்துவிட்டேன், சாமர்த்தியமான வாக்கியந்தான். ஆனால் என் நாவல்களில் இரண்டு இன்று அச்சில் இல்லை. போட்டவர் கடையைக் கட்டிவிட்டார். நம் சட்டப்படி நான் போனபின்னும் 60 வருஷம் அவற்றை யாரும் கேளாமல் அச்சிட முடியாது. போன மாதம் ஒரு வாசகர், நண்பரிடம் இரவல் வாங்கி ஒன்றை முழுக்க ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டதாகக் கூச்சத்தோடு எழுதியிருந்தார். அச்சில் விட்டுப்போயிருந்த ஒரு பக்கத்தையும் எழுதி அவருக்கு அனுப்பி வைத்தேன்.