கொங்கு மண்டலக் கல்லூரிகளில் வன்முறைக்குள்ளான மாணவர்க்கான ஆதரவு அமைப்புகள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உயர்கல்வி நிறுவனங்களில் வன்முறைக்கு உள்ளாகும் மாணவர்க்கெனச் சட்டங்களும் ஒழுங்குமுறைகளும் குழுக்களும் உதவி எண்களும் இன்று உள்ளன. அவை எத்தகைய மாணவரை, எத்தகைய குடும்பத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டன என்பதைக் கோவை, திருப்பூர், நாமக்கல் மாவட்டங்களைச் சேர்ந்த மூன்று வழக்குகளின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது. மந்தணம் காத்தல் என்பதை இவ்விதிகள் பொதுமக்களுக்கும் ஊடகத்திற்கும் எதிராகவே வரையறுக்கின்றன; வீட்டிற்கு எதிராக வரையறுக்கவில்லை என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: கொங்கு மண்டலம், உள்ளகக் குழு, மந்தணம், பிறழ்சாட்சி, சாதி, மாணவர் ஆதரவு.

இறப்பிற்குப் பின் வரும் சட்டம்

தமிழ்நாட்டில் மாணவர் பாதுகாப்புச் சட்டங்கள் உயிரிழப்புகளைத் தொடர்ந்தே பிறந்துள்ளன. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதையடுத்து 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலால் கல்லூரி மாணவி சரிகா ஷா உயிரிழந்தார். அவ்வாண்டே ஈவ் டீசிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அச்சட்டத்தின் பெயரில் இருந்த 'ஈவ் டீசிங்' நீங்கிப் பெண்களைத் துன்புறுத்துதல் என்பது இடம்பெற்றது. இப்பெயர் மாற்றத்தைச் சிறிதாகக் கொள்ளலாகாது. கேலி என்ற சொல் குற்றத்தை விளையாட்டின் பக்கம் தள்ளுவது. துன்புறுத்தல் என்ற சொல் பட்டவரின் பக்கம் நிற்பது.

இவ்விரு சட்டங்களிலும் குற்றம் செய்பவர் மூத்த மாணவராகவோ தெருவில் எதிர்ப்படும் அயலாராகவோ இருக்கிறார். குடும்பம் எப்போதும் பறிகொடுத்த தரப்பில், நீதி கேட்கும் இடத்தில் நிற்கிறது. பின்வந்த விதிகளும் இந்தப் படிமத்தையே பெரிதும் ஏற்றுக்கொண்டன.

ஒழுங்குமுறையின் மொழி

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை உயர்கல்விக்கு விரித்தெழுதியது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அதன் நற்கூறுகள் குறைத்து மதிப்பிடத்தக்கன அல்ல. துணைவேந்தர், பதிவாளர், புலத் தலைவர், துறைத் தலைவர் போன்றோர் குழுவில் இடம்பெறக் கூடாது என்கிறது. மாணவர் தொடர்பான புகாரில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் அமரவேண்டும் என்கிறது. வளாகம் என்பதற்குள் விடுதி, களப்பயணம், கல்லூரிப் பேருந்து ஆகியவற்றையும் அடக்குகிறது. அவிநாசியிலிருந்தும் அன்னூரிலிருந்தும் நாள்தோறும் கல்லூரிப் பேருந்தில் வந்துபோகும் மாணவியர் நிறைந்த வட்டாரத்திற்கு இது பொருளுள்ள விரிவு. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதியில் பாகுபாடான விதிகளைத் திணிக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. இந்த ஒரு தொடரேனும் விடுதி வாயில்களில் எழுதி வைக்கப்பட வேண்டியது.

2016இன் திருத்தத்திற்குப் பின் மூலச் சட்டத்தில் 'உள்ளகப் புகார்க் குழு' என்பது 'உள்ளகக் குழு' ஆயிற்று. பெயரிலிருந்து புகார் நீங்கியது, நடைமுறையிலிருந்து நீங்கவில்லை. எழுத்துவடிவப் புகார் வேண்டும். அது மூன்று மாதத்திற்குள் தரப்பட வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். ஒரு பருவத் தேர்வின் கால அளவே இது. நடந்ததற்கு ஒரு பெயர் கொடுக்கவே அவ்வளவு காலம் தேவைப்படும் பத்தொன்பது வயதினருக்கு இந்த எல்லை மிகக் குறுகியது.

இங்கு மந்தண விதியைச் சொல்லுக்குச் சொல் படிப்பது இன்றியமையாதது. 2013 சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கமும் புகார் தந்தவரின் அடையாளமும் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் ஊடகத்திற்கும் தெரிவிக்கப்படக் கூடாது என்கிறது. மானியக் குழுவின் ஒழுங்குமுறையும் பொதுவெளியில் வைக்கலாகாது என்றே பேசுகிறது. மாணவியின் தந்தை 'பொதுமக்கள்' என்பதற்குள் அடங்குவாரா? தாய்மாமன் அடங்குவாரா? பெற்றோரை அழைக்குமாறு விதி சொல்லவில்லை. மாணவரின் இசைவின்றி அழைக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. விதி வாய்மூடும் இடத்தில் வழக்கம் பேசத் தொடங்குகிறது. 'முதலில் வீட்டுக்குச் சொல்லிவிடுவோம்' என்பதே தமிழகக் கல்லூரிகளின் வழக்கம். அது பெரும்பாலும் நல்லெண்ணத்தில் பிறப்பது. பதினெட்டு வயது நிரம்பியவர் சட்டத்தின் முன் தனித்த ஆள் என்பது அந்த நல்லெண்ணத்தில் மறக்கப்படுகிறது.

பதினெட்டு நிரம்பாத முதலாண்டு மாணவர் நிலை வேறு. அவர்மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆகவேண்டும். ஒரே வகுப்பறையில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவருக்கு, பிறந்த மாதத்தைப் பொறுத்து, ஆலோசகர் தரக்கூடிய மந்தண உறுதி மாறுபடுகிறது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது ஆலோசகரின் கடமை.

பொள்ளாச்சியும் திருச்செங்கோடும்

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மாணவி அளித்த புகாரிலிருந்து வெளிப்பட்ட வழக்கில், குற்றவாளிகளின் கருவி நிகழ்படம். நிகழ்படத்திற்கு வலிமை தந்ததோ, 'வீட்டுக்குத் தெரிந்துவிடும்' என்ற அச்சம். அந்த அச்சம் இல்லாத சமூகத்தில் அம்மிரட்டல் பாதி விசையை இழந்திருக்கும். அச்சத்தை மீறிப் புகார் தரப்பட்டபின் நிகழ்ந்தது மேலும் கொடிது. காவல்துறை உயர் அலுவலரின் ஊடகச் சந்திப்பிலும், வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றும் அரசாணையிலும் அம்மாணவியின் அடையாளம் வெளியாயிற்று. அடையாளம் வெளியிடுவதைக் குற்றமாக்கிய 228ஏ பிரிவு அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த ஒன்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு அரசுக்கு ஆணையிட்டது.

ஆயினும் அவ்வழக்கு வேறொன்றையும் காட்டுகிறது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்து, எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அவ்வெட்டுப் பேரில் எவரும் பிறழவில்லை. விசாரணை மூடிய அறையில் நடந்தது, பெயர்கள் காக்கப்பட்டன. தொடக்கத்தில் அரசே உடைத்த மந்தணம் பின்னர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காக்கப்பட்டதும், சாட்சியங்கள் நிலைத்ததும் தொடர்பற்றவை எனக் கருத இயலாது.

இதனோடு ஒப்பிடத்தக்கது கோகுல்ராஜ் வழக்கு. பொறியியல் பட்டதாரியான இத்தலித் இளைஞர், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன் பயின்ற தோழியுடன் பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தோழி கொங்கு வட்டாரத்தின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர். 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. இவ்வழக்கின் முதன்மைச் சாட்சியான அத்தோழி விசாரணை நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். உயர் நீதிமன்றம் 2022இல் மீண்டும் அழைத்துக் கேட்டபோதும், கண்காணிப்புக் கேமராப் பதிவில் இருக்கும் பெண் தாம் அல்லர் என்றார். நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கியது.

நீதிமன்றத்தின் நோக்கில் அது பொய்ச்சாட்சி. ஆதரவு அமைப்புகளை ஆராய்பவருக்கு வேறொரு வினா எழுகிறது. கண்முன் நண்பர் கடத்தப்பட்ட ஒரு பெண் இருக்கும் ஆதரவு அமைப்புகளில் எந்தக் கதவைத் தட்டியிருக்க முடியும்? அவர் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானவர் அல்லர். உள்ளகக் குழுவிற்கு அவரிடம் வேலை இல்லை. ராகிங் தடைக் குழுவிற்கும் இல்லை. சட்டத்தின் சொற்களில் அவர் 'பாதிக்கப்பட்டவர்' கூட அல்லர், சாட்சி மட்டுமே. பொள்ளாச்சிப் பெண்களைக் காத்தது பெயரின்மை. இவருக்கோ அது தொடக்கத்திலிருந்தே இல்லை. பெயரும் சாதியும் ஊரறிந்தவை. சாட்சி சொல்லிவிட்டு அவர் திரும்பவேண்டிய இடமும் அதே ஊர்.

ஐந்து நாள் புகலிடம்

மூன்றாவது வழக்கு உடுமலைப்பேட்டையினுடையது. பொள்ளாச்சிப் பகுதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பயின்ற சங்கரும் கௌசல்யாவும் சாதி கடந்து மணந்தனர். 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா படுகாயத்துடன் தப்பினார். 2017இல் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உள்ளிட்ட அறுவருக்கு மரண தண்டனை விதித்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது.

2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், கலப்பு மண இணையரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்க ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம், ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை தங்கத்தக்க பாதுகாப்பு இல்லங்களைப் பற்றிப் பேசியது. இவையும் இணையருக்கானவை. காதலைக் கண்டறிந்த வீட்டார் அடித்துக் கைப்பேசியைப் பறித்த நிலையில், மணம் செய்துகொள்ளும் எண்ணம் இன்னும் இல்லாத, தேர்வு எழுத மட்டுமே விரும்பும் ஒரு மாணவி இந்த ஏற்பாட்டில் எங்கு நிற்பார் என்பது தெளிவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மகளுக்கும் பொருந்தும். பாதுகாப்பு அலுவலரை அவர் நாடலாம். மனைவிக்கான சட்டமென்றே அது அறியப்பட்டிருப்பதால் கல்லூரி விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேசப்படுவது அரிது.

2015இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மருத்துவம், காவல், சட்டம், உளவியல் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தன. 181 என்ற எண் அவற்றோடு இணைக்கிறது. அங்குத் தங்கும் கால அளவு பொதுவாக ஐந்து நாள். கணவனிடமிருந்து பிறந்தகம் செல்லும் வழியில் இடைத்தங்கலாக ஐந்து நாள் போதுமாகலாம். பிறந்தகத்திலிருந்தே வெளியேறியவருக்கு ஆறாம் நாள் எது? அகமதிப்பீட்டுத் தேர்வும், 75 விழுக்காடு வருகைப் பதிவும் அந்த ஆறாம் நாளிலும் காத்திருக்கின்றன. உள்ளகக் குழு பரிந்துரைத்தால், பாதிக்கப்பட்டவருக்கு உரிமைகள் குறையாமல் மூன்று மாதம்வரை விடுப்புத் தர மானியக் குழுவின் ஒழுங்குமுறை இடமளிக்கிறது. ஆனால் அது பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு மட்டுமே. வீட்டில் அடிபட்டவருக்கு அவ்விடுப்பு கிட்டாது. ஆண் மாணவர் நிலை மேலும் நெருக்கடியானது. ஒழுங்குமுறை அவர் புகாரை ஏற்கும். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலோ வயதுவந்த ஆண்மீதான பாலியல் வன்புணர்வுக்கெனத் தனிப்பிரிவு இல்லை.

2025 நவம்பர் 2 இரவு கோவை விமான நிலையத்தின் அருகே ஒரு கல்லூரி மாணவி கூட்டு வன்புணர்வுக்கு உள்ளானார். அவ்வேளையில் அவர் ஏன் அங்கிருந்தார் என்ற பேச்சு உடனே எழுந்தது. அப்பேச்சை அறியாமை என்று கடிந்துவிட்டு நகர்வது எளிது. அதே வினாவைத்தான் விடுதிப் பதிவேடும், வகுப்புக்கு வராத அன்று பெற்றோர் கைப்பேசிக்குச் செல்லும் குறுஞ்செய்தியும் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பாட வேளையில் ஆலோசகரைக் காணச் சென்ற ஒரு மணி நேரம் 'வரவில்லை' எனப் பதிவாகி, தந்தைக்குத் தானாகவே தெரிவிக்கப்படும் ஒரு கல்லூரியில், நன்கு பயிற்சி பெற்ற முழுநேர ஆலோசகர் இருந்தும் பயன் சிறிதே.

இதைத் திருத்தச் சட்டமன்றம் கூடவேண்டியதில்லை. ஆலோசனைக்குச் சென்ற நேரத்தைக் காரணம் குறிக்காமல் வருகையாகப் பதிவது கல்விக் குழுவின் ஒரு தீர்மானத்தில் முடியும். சேர்க்கைப் படிவத்தில் தந்தை அல்லது பாதுகாவலர் எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு. அதன்கீழ், பதினெட்டு நிரம்பியவர் தாமே தேர்ந்து எழுதும் 'நெருக்கடியில் அழைக்கவேண்டியவர்' என்ற இன்னொரு கட்டம் சேர்க்கப்படலாம். அதில் சித்தியின் பெயர் வரலாம், பள்ளி ஆசிரியை பெயர் வரலாம், அறைத்தோழியின் பெயர் வரலாம். அப்பெயரை யார் பார்க்கலாம், எப்போது மாற்றலாம் என்பதை உள்ளகக் குழுவின் மாணவ உறுப்பினர்களைக் கலந்து வகுக்க வேண்டும்; அலுவலகக் கணினியில் எல்லோர்க்கும் திறந்திருக்கும் பட்டியலில் அது இடம்பெற்றால், தந்தை எண்ணுக்கும் அதற்கும் வேறுபாடு இராது.