மையூறிய விரல்கள்

அழகை நாடுவோர் இரு சாரார். தாம் துய்க்க நாடுவோர் ஒரு சாரார். பிறர்க்கெனப் படைக்க நாடுவோர் மறுசாரார். பக்தாதின் எழுத்துக் கலைஞர்களை நாம் இரண்டாம் சாராரில் வைத்தே எண்ணுகிறோம்.

அப்பாசியர் ஆட்சியில் மும்முறை வஸீராய் இருந்தவர் இப்னு முக்லா. நாணற்பேனா பதிக்கும் புள்ளியை அளவாக்கி, எழுத்துகளுக்கு இலக்கணம் வகுத்தவர் என அவரைப் போற்றுவர். அரசியற் பகை அவரது வலக்கரத்தைத் துண்டித்தது. குறைக்கரத்தில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர். கி.பி. 940இல் சிறையிலே மறைந்தார். அவர் கைப்பட எழுதியதென ஐயமின்றிக் கூறத்தக்க ஏடு ஒன்றும் இன்றில்லை. அவர் காட்டிய நெறியோ நிலைத்தது.

அந்நெறியைச் செம்மை செய்தவர் இப்னுல் பவ்வாப். அவர் ஹிஜ்ரி 391இல் எழுதிய திருக்குர்ஆன் படி டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. கையிலடங்கும் சிறு நூல். கோணம் மிகுந்த கூஃபி எழுத்தை விடுத்து, வளைந்தோடும் நஸ்கு எழுத்தில் அதனை வரைந்தார். பொன்னொப்பனை உண்டு, எனினும் அது வாசகத்தை மறைப்பதில்லை. எழுத்தின் ஒழுங்கு கண்ணைத் தன்பால் நிறுத்திக்கொள்ளாமல் சொல்லிடம் கொண்டு சேர்க்கிறது. இங்கே அழகு ஓதுவோர்க்குப் பணி செய்கிறது. இதுவே அப்படியின் பெருமை.

பின்னிப் பிணைந்த எழுத்து கலையாகாதோ எனின், ஆகும். குவிமாடத்தில் அதற்கு இடமுண்டு. வசனத்தை மனனம் செய்தவர் நெஞ்சு அதனைப் படித்துவிடும். நம் இல்லச் சுவர்களில் பளபளக்கும் சட்டங்களின் நிலை வேறு. அதில் எழுதியிருப்பது யாதென வீட்டுப் பிள்ளையைக் கேட்டால் விடை வருவதில்லை. படிக்கப்படாத எழுத்து வெறும் கோலமாய் நின்றுவிடுகிறது.

இக்குறை அரபு எழுத்தோடு முடிவதன்று. தமிழொலிகளுக்கெனப் புள்ளிகள் கூட்டி நம் முன்னோர் ஆக்கியது அரபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அதில் நூல்கள் யாத்தார். பாட்டிமார் ஓதிய அவ்வேடுகள் இன்று பல வீடுகளில் பரண்மேல் செல்லரிக்கின்றன. பேரப் பிள்ளைகளுக்கு அவற்றின் முதல் வரியும் புரிவதில்லை.

கலையன்பு என்பது விலை கொடுத்து வாங்கி மாட்டுவதோடு நிறைவதன்று. பரணிலுள்ள ஏட்டை இறக்கித் தூசு தட்டுவோம். படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே, பிள்ளைகளை அருகமர்த்தி ஒரு பக்கமேனும் படிப்பிப்போம். அதுவே அந்த மையூறிய விரல்களுக்கு நாம் செலுத்தும் நன்றி.