17(பி) யாருடைய சொந்த விஷயம்?

எப்போதும்வென்றான் பக்கத்துக் கரிசல் விவசாயிக்கு அரசு ஊழியரிடம் கேட்க இருப்பது பெரும்பாலும் சின்னக் கேள்விதான். காய் முற்றிய நேரத்து மழையில் உளுந்தும் பாசியும் செடியிலேயே முளைத்துப்போன வருஷம், சேதக் கணக்கெடுக்கப் புஞ்சைக்கு வந்தது யார், எந்தத் தேதியில்? அடங்கலில் பயிரை மாற்றி எழுதியது யார்? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். ஊழியர்களின் பெயரையும் மாதச் சம்பளத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த கேள்வியில்தான் சிக்கல். பொய்யாக எழுதியவருக்கு 17(பி) மெமோ, அதாவது அரசு ஊழியர் ஒழுங்கு விதிப்படியான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கொடுத்தார்களா? விசாரணை என்ன ஆயிற்று? 2012இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் இன்றைக்கும் குறுக்கே நிற்கிறது. வருங்கால வைப்பு நிதி அதிகாரி ஒருவரின் மெமோ, தண்டனை, சொத்துக் கணக்கு, மகன் கல்யாணத்தில் வந்த அன்பளிப்பு எல்லாவற்றையும் அந்த மனுதாரர் கேட்டிருந்தார். பெரிய பொதுநலன் காட்டப்பட்டாலொழிய இவை தனிப்பட்ட தகவல்களே, பணி ஒழுங்கு என்பது ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் இடைப்பட்டது என்றது நீதிமன்றம். கல்யாண மொய் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆனால் அலுவலகத்தில் செய்த வேலைக்காகக் கொடுத்த மெமோவையும் மொய்ப் பணத்தையும் ஒரே பீரோவில் வைத்துப் பூட்டியது பிழை. அடங்கல் பொய்யானால் நட்டப்படுவது விவசாயி. அவர் எப்படி மூன்றாம் மனிதராவார்?

பிரித்துப் பார்க்கும் அளவுகோல் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. கேட்ட தகவலுக்குப் பொதுப்பணியோடு தொடர்பில்லை, அல்லது அது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் என்றால்தான் 8(1)(ஜே) பிரிவின்படி மறுக்கலாம். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் அதோடு இருந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை எடுத்துவிட்டது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இனி 'தனிப்பட்ட தகவல்' என்று ஒரு வரி எழுதினால் போதும். பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) பிரிவு மிச்சமிருக்கிறது. மேல்முறையீடு வரை போய் அதை வாதாட நூறு நாள் வேலைக்குப் போகிறவரால் முடியுமா?

ஊழியர்களின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. இதே தூத்துக்குடி மாவட்டத்தில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலரை 2023 ஏப்ரலில் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். வீட்டு விலாசம், மருத்துவ விடுப்பின் காரணம், பிள்ளைகளின் விவரம் வெளியே போகவே கூடாது. பழைய பகை தீர்க்க வாரத்துக்கொரு மனு போடுகிறவர்களும் ஊரில் உண்டு. ஆனால் அந்த அலுவலரின் புகார் மீது மேலே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் பணிக் கோப்புதான். கோப்பை மூடினால் நேர்மையான ஊழியருக்குத்தான் முதல் நட்டம். இன்னொன்று: மனு போட்டவர் யார் என்பது பதில் வருவதற்கு முன்பே டீக்கடைக்கு வந்துவிடும். அவருடைய அந்தரங்கத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

2020 ஜூனில் நியூயார்க் மாநிலம், போலீஸாரின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை மூடிவைத்த 50-ஏ சட்டப்பிரிவை நீக்கியது. அதே மாதம்தான் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளான தந்தையும் மகனும் இறந்தார்கள். ஒரு காவலர் மீது முன்பு என்ன புகார், என்ன நடவடிக்கை என்று இங்கே கேட்டால் 2012 தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

இப்போதைக்கு விவரம் தெரிந்தவர்கள் பெயரை விட்டுவிட்டுக் கேட்கலாம்: இந்தத் தாலுகாவில் ஐந்து வருஷத்தில் எத்தனை 17(பி), எந்தக் குற்றச்சாட்டுக்கு, எத்தனை தண்டனையில் முடிந்தன? யாருடைய அந்தரங்கமும் இதில் இல்லை. 'அப்படித் தொகுத்து வைக்கவில்லை' என்று பதில் வந்தால் அதற்கும் இடமிருக்கிறது. கையில் இல்லாத தகவலைத் தொகுத்துத் தரும் கடமை அலுவலகத்துக்கு இல்லை என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.