வெள்ளைத் திரைக்கு முன்னால் கறுத்த பிள்ளை

ஃபிரான்ஸ் காஃப்காவின் சிறுவயதுப் படம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். ஐந்தாறு வயசுப் பையன். அலங்காரம் அதிகமாகத் தைத்த இறுக்கமான உடுப்பு, கையில் அவன் தலைக்குப் பொருந்தவே பொருந்தாத ஒரு பெரிய தொப்பி. பின்னால் பனை ஓலை போல விரிந்த இலைகள். 1931இல் எழுதிய 'புகைப்படத்தின் சிறு வரலாறு' கட்டுரையில் வால்டர் பெஞ்சமின் இந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நிற்கிறார். அன்றைய ஸ்டுடியோவின் திரைச்சீலை, தூண், செயற்கைச் செடி எல்லாம் அவருக்குப் பிள்ளையைச் சுற்றிக் கட்டிய கூண்டாகத் தெரிகின்றன. அந்தக் கண்களின் துயரம் மட்டும்தான் ஜோடனையை ஜெயித்து நிற்கிறது என்பது அவர் பார்வை.

எனக்கோ அந்த ஓலைகளைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். பிராகில் அது அதிசயம். இனயத்தில் வாசலைத் திறந்தால் தென்னை. ஆனால் எங்க ஊர்ப் பிள்ளைகளைப் படம் எடுக்க பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனபோது, ஸ்டுடியோவில் அவர்களுக்குப் பின்னால் இருந்தது பனிமலையும் மர வீடும் ஏரியும். ஐரோப்பாக்காரனுக்கு நம்ம ஓலை, நமக்கு அவன் பனி. கடல் மட்டும் எந்தத் திரையிலும் இல்லை. நாள் முழுக்கப் பார்க்கிற கடலைக் காசு கொடுத்தும் பார்க்கணுமா என்ன?

இந்தச் சீனரித் திரைகளைக் கேலி செய்வது சுலபம். அதற்கு நல்ல பதிலும் வந்தாயிற்று. அர்ஜுன் அப்பாதுரை 1997இல் காலனியப் பின்திரைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், அதே ஆண்டு வெளிவந்த கிறிஸ்டோபர் பின்னியின் 'கேமரா இண்டிகா' நூலும் இதைப் போலி என்று ஒதுக்கவில்லை. இந்த மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று ஆவணப்படுத்த வந்த கேமராவிடம், நாங்கள் வேறு மாதிரியும் இருக்க முடியும் என்று சொல்கிற இடம் பின்திரை. அது ஆசையின் இடம். எங்கள் கடப்புறத்துக்கு இந்த வாசிப்பு நன்றாகவே பொருந்தும். அப்பா வளைகுடாவில் இருப்பார், அல்லது ஆழ்கடலில் வாரக்கணக்கில் இருப்பார். கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய பிள்ளையின் படத்தில் அந்த மலையும் ஏரியும் சொன்னது ஒன்றுதான்: இங்கே குறை ஒன்றும் இல்லை, பிள்ளை நல்லா இருக்கு.

ஆனாலும் இந்த வாசிப்பு எனக்குப் போதவில்லை. இது திரையில் என்ன வரைந்திருக்கிறது என்று கேட்கிறது. அந்தத் திரை பிள்ளையின் முகத்தை என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. பின்திரை வெறும் படமாக இருந்தால் அதை அர்த்தப்படுத்திவிட்டுப் போய்விடலாம். அது ஒரு அளவுகோலும் கூட. முகம் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெளிச்சம் என்பதைப் படம் பார்க்கிறவர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். கேமராவும் அப்படித்தான்.

கறுப்பு வெள்ளைக் காலத்துப் பழைய திரைகளை இந்தக் கண்ணோடு பாருங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முயற்சியில் தமிழக ஸ்டுடியோப் படங்கள் பல தேடிச் சேர்க்கப்பட்டு, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டல் ஆகியிருக்கின்றன. அவற்றில் கண்ணுக்குப் படுகிற ஒரு விஷயம் உண்டு. திரையில் மாளிகை இருக்கலாம், தோட்டம் இருக்கலாம், படிக்கட்டு இருக்கலாம். எல்லாமே பெரும்பாலும் நடுத்தரச் சாம்பலில், விளிம்பு மங்கி, கொஞ்சம் கலங்கினது போல இருக்கும். சட்டென்று உறுத்துகிற வெள்ளை குறைவு. கூர்மையான கோடு குறைவு. அதன் முன்னால் உட்கார்ந்த கறுத்த பிள்ளையின் நெற்றியும் கன்னமும் அந்தச் சாம்பலைவிட ஒரு படி மேலே ஒளிர்கின்றன. பாசாங்கு என்று நாம் சிரித்த அந்தத் திரை உண்மையில் அடக்கமானது. மாளிகையைக் காட்டிவிட்டு அது முகத்துக்கு வழி விட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இப்போது நல்ல ரசனை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் திரைக்கு வருவோம். சுத்த வெள்ளை. எந்த ஜோடனையும் இல்லை, பொய்யும் இல்லை, பிள்ளை மட்டும்தான் என்று சொல்கிறார்கள். புதுநன்மைக்கு எடுக்கிற படத்தைப் பாருங்கள். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைப் பூ வளையம், கையில் மெழுகுதிரி, கழுத்தில் செபமாலை. அதற்குப் பின்னாலும் ஒரு வெள்ளை. அந்த வெள்ளைக் கடலுக்கு நடுவில் கடலோரத்து வெயிலில் விளைந்த ஒரு கறுத்த முகம்.

கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியில் நடுச் சாம்பல்தான் என்று நம்பும் யந்திரம். விழுகிற ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் அது. சட்டம் முழுக்க வெள்ளை நிறைந்தால், அடடா வெளிச்சம் கூடிப்போச்சு என்று அது குறைத்துவிடும். வெள்ளை சாம்பலாகும். முகம் இருட்டில் போகும். அப்புறம் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எடுப்பதற்கு முன்னால் பவுடர், எடுத்த பிறகு டச்சிங். கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் தேய்த்து வெளுப்பாக்கி, கழுத்தையும் கையையும் மறந்துவிட்ட படங்கள் எங்கள் பக்கத்து வீட்டுச் சுவர்களில் எத்தனையோ தொங்குகின்றன. இன்றைய போன் முகத்தைத் தானே கண்டுபிடித்து வெளிச்சத்தைச் சரி செய்கிறது, உண்மைதான். கையோடு தோலையும் சரி செய்துவிடுகிறது.

"பிள்ளை கறுப்பா விழுந்துட்டு" என்று வீட்டில் சொல்வார்கள். விழுந்தது பிள்ளையின் நிறம் இல்லை. திரையின் தேர்வு. ஆனால் அந்த ஏழு வயசுப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறது. குற்றம் தன் முகத்தில்தான் என்று அது எடுத்துக்கொள்ளும். எனக்கு இதுதான் பொறுக்க முடியாத இடம்.

இது இனயத்தோடு நிற்கிற கதை இல்லை. கோடக் நிறுவனத்தின் கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்க லேப்களில் ஒரு மாதிரி அட்டை வைத்திருந்தார்கள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லார் முகமும் சரி என்று கணக்கு. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இந்த அட்டையின் வரலாற்றை எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடப் படங்களில் கறுப்பினப் பிள்ளைகள் சரியாக விழவில்லை என்று தாய்மார்கள் சொன்ன குறை அதிகம் எடுபடவில்லை. சாக்லேட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் தங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சொன்னது எடுபட்டது. ஆக, நடுநிலையான வெள்ளை என்று ஒன்று இல்லை. அது யாரோ ஒருவரின் முகத்துக்காக அளந்து வைத்தது.

அப்படியென்றால் பின்னால் ஒன்றுமே இல்லாத, பூவோ கோடோ இல்லாத இருட்டுதான் கறுத்த முகத்துக்கு நல்லதா? அப்படியும் இல்லை. மாலி நாட்டு பமாகோவில் 1948 தொடங்கி செய்து கெய்ட்டா நடத்திய ஸ்டுடியோவைப் பாருங்கள். அவருடைய முதல் பின்திரை அவர் கட்டில் விரிப்பு. பிறகு பூப்போட்டது, வளைவுக்கோடு போட்டது என்று சில வருஷத்துக்கு ஒரு துணி மாற்றினார். எந்தத் துணி தொங்குகிறது என்பதை வைத்தே பிற்பாடு படத்தின் வருஷத்தைச் சொன்னார். உடுப்பில் ஒரு பூ, திரையில் இன்னொரு பூ, எல்லாம் ஒன்றோடு ஒன்று மோதும். அதற்கு நடுவில் முகம் மட்டும் ஒரே நிறமாக, அமைதியாக, அழுத்தமாக நிற்கும். பகல் வெளிச்சத்தை அவர் அந்த முகத்துக்காகவே அமைத்தார். திரை எளிமையா ஆடம்பரமா என்பது அல்ல பிரச்சினை. அது யாருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதுதான்.

இதற்குச் செலவும் பெரிசா இல்லை. வெள்ளைத் துணி ஒன்றுதான் இருக்கிறதா, பரவாயில்லை. பிள்ளையைத் துணியோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். விளக்கின் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். விளக்குக்கு மூன்று அடியில் பிள்ளை, பிள்ளைக்குப் பின்னால் ஆறு அடியில் துணி என்று வைத்தால், முகத்தில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் துணியில் விழும். அதே வெள்ளைத் துணி கருஞ்சாம்பலாக மாறிவிடும். பிள்ளையின் நிழலும் துணியில் தெளிவாக விழாது. விளக்கு பக்கவாட்டில், கண்ணுக்குச் சற்று மேலே, குடையோ மெல்லிய துணியோ போட்டுப் பரவலாக இருந்தால் கறுத்த தோலில் பளபளப்பு அழகாக விழும். பவுடர் கொன்றுவிடுவது அந்தப் பளபளப்பைத்தான். புதுநன்மை உடுப்பின் வெள்ளையும் அப்போதுதான் தனியாகத் தெரியும்.

இப்போது ஸ்டுடியோக்காரர்களே பிள்ளைகளைக் கடப்புறத்துக்குக் கூட்டி வந்து எடுக்கிறார்கள். தூண்டில் வளைவுக் கல்லின் மேல் நிறுத்தி, பின்னால் கடலும் மாலைச் சூரியனும். கடைசியில் கடல் நம்ம படத்துக்குள் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷப்பட ஆசை. ஆனால் பின்னால் நிற்கிற மாலைக்கடலும் இன்னொரு வெள்ளைத் திரைதான். அது எரிகிறது, முகம் கரியாகிறது, டச்சிங் திரும்பவும் தொடங்குகிறது.

எங்கள் கடல் மேற்குப் பக்கம். காலையில் சூரியன் ஊருக்குப் பின்னாலிருந்து வரும். அந்த நேரம் கடலைப் பார்த்த வாசல்கள் நிழலில் இருக்கும், ஆனால் எதிரே வானமும் தண்ணீரும் மணலும் சேர்ந்து ஒரு பெரிய மெத்தென்ற வெளிச்சம். பிள்ளையை நிலைப்படியில் உட்கார வையுங்கள். முதுகுக்குப் பின்னால் விளக்குப் போடாத வீட்டின் உள் இருட்டு. அதைவிட நல்ல திரை கடையில் இல்லை. முகம் கடலைப் பார்க்கட்டும். "மக்களே, இங்க பாரு" என்று கூப்பிட்டு, நிமிர்ந்ததும் எடுங்கள். படத்தில் கடல் பின்னணியாக இருக்காது. கொஞ்சம் பெரிசாக்கிப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் ஒரு சின்ன வெளிச்சப் பட்டையாக இருக்கும். அந்த முகத்தை யாரும் வெளுப்பாக்க வேண்டியதில்லை.