தோட்டப் பாடசாலையில் அரசும் கம்பனியும்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ஆரம்பக் கல்வி அரசும் தனியாரும் பங்கிட்டுக்கொண்ட பொறுப்பாகவே வளர்ந்தது. தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்கச் செய்வதை 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கடமையாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை வலுப்படுத்தியது. கட்டடமும் ஆசிரியரும் தோட்டத்தின் பொறுப்பு. உதவி நன்கொடையும் மேற்பார்வையும் அரசின் பொறுப்பு.

இந்த ஏற்பாட்டின் பெரும் நன்மை அண்மை. விடியற்காலையில் பெற்றோர் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனாலும், பிள்ளை நடந்து போகும் தூரத்திலேயே பள்ளிக்கூடம் இருந்தது. அதன் குறை அடித்தளத்திலேயே இருந்தது. பிள்ளையின் உழைப்பால் பயன்பெறும் தோட்டத்திடமே அப்பிள்ளையின் படிப்பும் ஒப்படைக்கப்பட்டது. ஒரே மண்டபத்தில் ஒரே ஆசிரியர் ஒரு பக்கம் அரிச்சுவடியும் மறுபக்கம் பெருக்கல் வாய்பாடும் சொல்லிக்கொடுப்பது வழக்கமாயிற்று. அவருடைய சம்பளம் நிர்வாகத்தின் கையில் இருந்ததால், குறைகளைத் தட்டிக்கேட்க அவரால் இயலவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன.

1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆசிரியர் அரச ஊழியரானார், பாடத்திட்டம் பொதுவானது. சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியால் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் பெருகின. இந்த முன்னேற்றத்தைக் கூட்டுப் பொறுப்பு தரவில்லை. அரசின் நேரடிப் பொறுப்பே தந்தது.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்கு மாறியபின், கூட்டுப் பொறுப்பு முன்பள்ளிப் பருவத்தில் புதிய உருவம் கொண்டது. அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இணைந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், தொழிலாளரின் குழந்தைகளைப் பராமரிக்கும் பழைய பிள்ளைக் காம்பராக்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்ற உழைத்து வருகிறது. பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும் பாதுகாப்பான இடமும் இதன் மெய்யான பலன்கள். ஆனால் தாயை வேலைக்கு விடுவிக்கப் பிறந்த அமைப்பில், பராமரிப்புக்குக் கிடைக்கும் கவனம் கற்பித்தலுக்குக் கிடைப்பது கடினம்.

சப்ரகமுவவில் இன்னொரு இடர் உண்டு. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பதால், தமிழ்ப் பாடசாலைகள் பல சிறியவை. ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடும் பாடசாலையில் படித்த பிள்ளை, ஆறாம் தரத்துக்கு இறக்குவானை, எட்டியாந்தோட்டை போன்ற நகரங்களுக்குப் பேருந்தில் போக வேண்டும். அல்லது அருகிலுள்ள சிங்கள மொழிமூலப் பாடசாலையில் சேர வேண்டும். இரண்டும் இயலாதபோது படிப்பு நின்றுவிடுகிறது. பாடசாலையைச் சுற்றியுள்ள நிலம் கம்பனியின் குத்தகையில் இருப்பதால், கூடுதலாக ஒரு வகுப்பறை கட்டவும் நிர்வாகத்தின் இசைவு தேவைப்படுகிறது.

ஆகவே கம்பனி தரத்தக்கவை நிலம், கட்டடம், போக்குவரத்து, முன்பள்ளி வசதி. இவற்றை அதன் நல்லெண்ணத்துக்கு விடாமல் குத்தகை நிபந்தனையாக்குவதே முறை. ஆசிரியர் நியமனம், பாடத்திட்டம், கற்றல் மதிப்பீடு ஆகிய மூன்றையும் அரசு யாரிடமும் கைமாற்றக் கூடாது. தோட்டத்தில் வேலை குறைந்தாலும் கம்பனி மாறினாலும் பிள்ளையின் கல்வி உரிமை குறையாமலிருக்க அதுவே வழி.