திருவருகைப் பாடலும் தமிழ்ச் செவியும்

மார்கழி பிறப்பதற்கு முன்பே கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள தேவாலயங்களில் திருவருகைக் காலம் தொடங்கிவிடுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய இக்காலத்தில், வேத வாசகமும் குழுவிசையும் மாறிமாறி வரும் பாடலாராதனை நடைபெறுவது வழக்கம். இதனைச் சமயச் சடங்கென்று கருதி நம் திறனாய்வாளர் ஒதுங்கிவிடுகின்றனர். அது முறையன்று. சொல்லும் இசையும் மக்கட் கூட்டமும் ஒன்றுசேரும் இடம் எதுவாயினும், அங்கே கலையாராய்ச்சிக்கு வேலை உண்டு.

இவ்வாராதனையின் அமைப்பு மிகத் தொன்மையானதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் துரூரோ நகரில், பேராலயம் எழும்பாத நிலையில், தற்காலிக மரக்கட்டடம் ஒன்றிலே பென்சன் ஆயர் ஒன்பது வாசகங்களையும் பாடல்களையும் இணைத்து ஒரு வழிபாட்டை நடத்தினார். 1918இல் அதனைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்திற்கு ஏற்றவாறு அமைத்தவர் எரிக் மில்னர்-வைட் என்னும் குரு. முதல் உலகப் போரிற் படைக் குருவாக இருந்து திரும்பியவர் அவர். போரினால் உள்ளம் சோர்ந்திருந்த மக்களை, பழகிப்போன சடங்குரை தொடமாட்டாது என்று அவர் உணர்ந்திருந்தார். 1928இல் வானொலி அதனை ஏற்றது; உலகெங்கும் பரவியது. திருவருகைக் கால ஆராதனையும் இவ்வமைப்பையே தழுவிற்று. ஆக, ஒரு சமுதாயத்தின் துயரிலிருந்து பிறந்த உருவம் இது. உருவம் நம்மிடம் வந்து சேர்ந்தது. நம் துயர் அதனுள்ளே புகுந்ததா என்பதே கேள்வி.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை குறை கூற இடமில்லை. திருவருகை வாசகங்கள் காத்திருப்போரின் வாசகங்கள். ஏசாயாவின் தீர்க்கதரிசனம் அடிமைப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் ஏக்கத்தைப் பேசுகிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் மரியாளின் பாடலோ அதனினும் கூர்மையானது. அதிகார பீடத்தினர் வீழ்வர், எளியவர் ஏற்றம் பெறுவர், பசித்தவர் வயிறு நிறையும், செல்வர் வெறுங்கையராய்த் திரும்புவர் என்பதே அதன் சாரம். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில், நாளாந்தக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தினர் நடுவே இது வெறும் அலங்காரச் சொல்லாக இருக்க முடியுமா? 1983 ஜூலைக் கலவரத்தில் வீடிழந்தவர்களும், 2019 ஏப்ரல் 21ஆம் நாள் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திற் குண்டு வெடித்தபோது உறவினரை இழந்தவர்களும் வாழும் சூழல் அது. நீதிக்காகக் காத்திருத்தல் என்றால் என்னவென்று அம்மக்களுக்குப் பிறர் விளக்க வேண்டியதில்லை.

ஆயின் இப்பொருள் அவர்கள் செவியைச் சென்றடைகிறதா? வாசகம் தமிழில் நிகழும்போது அடைகிறது. பாட்டு எழுந்ததும் தடை ஏற்படுகிறது. ஆங்கிலத்திலேயே பாடினால் பலருக்குப் பொருள் எட்டாது. மொழிபெயர்த்துப் பாடினாலும் இடர் தீர்வதில்லை. இதன் காரணம் பக்திக் குறைவன்று, மொழியின் இயல்பு. ஆங்கிலப் பாட்டு அசையழுத்தத்தின்மேல் நடப்பது. தமிழோ குறில் நெடில் வேறுபாட்டிலே பொருளை வைத்திருக்கும் மொழி. வகுப்பறையில் எழுத்திலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது அன்றாட அனுபவம். மெட்டு நீட்டச் சொல்லும் இடத்திற் குறில் வந்து நின்றால், ‘மனம்’ என்பது ‘மானம்’ ஆகிறது. ‘வரம்’ என்பது ‘வாரம்’ ஆகிறது. அடிக்கு இத்தனை அசையென்று மெட்டு வகுத்துவிட்டதனால், மொழிபெயர்ப்பாளர் சொல்லை நசுக்கியும் துண்டித்தும் புகுத்த நேர்கிறது. பாமாலைப் பாடல்கள் பலவற்றில் இவ்விடர்ப்பாட்டைக் காணலாம். நான்கு குரல்கள் வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு அசையைப் பாடும் பெரும்பாடல்களில், எஞ்சிய சொல்லும் ஒலிவெள்ளத்தில் மறைந்துவிடுகிறது. செல்வர் வெறுங்கையராவர் என்ற செய்தி இனிய நாதமாக மட்டும் வந்தால், செல்வர்க்கும் அச்சமில்லை; வறியவர்க்கும் ஆறுதலில்லை.

இதற்கு மாற்று நம்மிடம் இல்லாமலில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி என்னும் மக்கள் விரும்பிய வடிவத்தை எடுத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நடக்கும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களிற் பாடப்படுகின்றன. கீர்த்தனையிலும் குறில் நீள்வதுண்டு. ஆயினும் அங்கே இசை சொல்லோடு சேர்ந்தே பிறந்தது. பல்லவி மீண்டும் மீண்டும் வருவதனாற் பொருள் நெஞ்சில் நிலைபெறுகிறது. எழுத்தறியாத மூதாட்டியும் சேர்ந்து பாட முடிகிறது.

எனவே மேனாட்டுக் குழுவிசையை அகற்றிக் கீர்த்தனையை அமர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் முடிவு கட்டுவர். இம்முடிவை நாம் ஏற்கவில்லை. மரபென்ற சொல்லின் மயக்கத்தில் வரலாற்றை மறத்தலாகாது. 1820களில் தஞ்சைத் திருச்சபையில் இளைய மிஷனரிமார் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டபோது, அதனை எதிர்த்து வாதாடியவர் இதே சாஸ்திரியார். தமிழ்ப் பாட்டை ஆலயத்திலிருந்து விலக்கியதற்கும் சாதிகளைக் கலந்ததற்கும் எதிராக அவர் ஒரே மூச்சில் முறையிட்டார். முதல் முறையீடு நியாயமானது; இரண்டாவது நியாயமற்றது. அவருடைய தமிழை நாம் ஏற்போம். அவருடைய சாதியை ஏற்கமாட்டோம். மண்ணிற்கு உரியதெல்லாம் மக்களுக்கு உரியதாகிவிடாது.

இவ்விடத்திலேதான் குழுவிசையின் சிறப்பு நமக்குப் புலனாகிறது. நம் கச்சேரி மரபு தனிப் பாடகரை மேடையில் உயர்த்தி மற்றவரைக் கேட்போராக்குகிறது. பாடகர் குழுவில் அவ்வாறில்லை. எழுதுவினைஞரும் தாதியும் மாணவரும் கடைச் சிப்பந்தியும் தோளோடு தோள் நின்று பாடுகின்றனர். மேற்குரல் உயர்ந்ததுமன்று, கீழ்க்குரல் தாழ்ந்ததுமன்று. ஒன்று தவறினால் எல்லாம் தவறும். பிறரைக் கேட்டுக்கொண்டே தன் குரலைச் செலுத்தும் இந்தப் பயிற்சி ஒரு சமத்துவப் பயிற்சி. சாதிக்கொரு இருக்கை கண்ட சமுதாயத்தில் இதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆகவே நாம் வேண்டுவது தமிழ்ச் சொல்லின் அளவறிந்து ஆக்கப்பட்ட பலகுரல் இசை. வழி முற்றிலும் புதிதன்று. சிங்கள வழிபாட்டிற்கு இந்நாட்டு இசையை அமைத்தவர் தேவ சூரியசேன. யாழ்ப்பாணத்தவரான டி. ரி. நைல்ஸ் ஆசிய மெட்டுக்களை ஏற்று 1963இற் பாடற்றொகுதி ஒன்றைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்க வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்தது. கதவு திறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நம் நாட்டுக் கூத்தின் மெட்டுக்களும் மலையகத்தின் பாடல் வடிவங்களும் இன்னும் வாசலிலேயே பெரும்பாலும் நிற்கின்றன.

பாடகர் குழுவினரிடத்து நாம் கேட்பது ஒன்றே. அடுத்த திருவருகைக்கு ஒரேயொரு பாடலையேனும் புதிதாக ஆக்குங்கள். மரியாளின் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லைக் கவிஞர் எழுதட்டும். இசையைச் சொல் நடத்தட்டும். பின்வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்குமாயின், அவ்வாராதனை தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.